ரெண்டாவதுதான் நல்லாயிருக்குங்க

ரெண்டாவதுதான் நல்லாயிருக்குங்க, என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் முதலாவது எது, இரண்டாவது எது என்று யோசிக்கிறேன். எனக்கு முன்னால் மேசைமேல் இரண்டு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. வெளிப்பக்கம் கறுப்பு ஜோடி, உள்பக்கம் சாம்பல் ஜோடி. கடைக்காரர் ஷாநவாஸ் என் முதுகுக்குப் பின்னால் அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு ஸ்விட்சை மாற்றி மாற்றி ஒரே புல்லாங்குழலை இரண்டிலும் ஓட விடுகிறார். எனக்கு இரண்டு முறையும் ஒரே புல்லாங்குழல்தான் கேட்டது. "அதாங்க, சாம்பல் கலருதான் ரெண்டாவது. வாசிக்கறவரு மூச்சு இழுக்கறது வரைக்கும் தனியாப் பிரிச்சுக் காட்டும். கவனிச்சீங்களா?" என்று முன்னால் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். கவனிச்சேங்க, என்கிறேன். என் வாய்க்கு முன்பே தலை ஆடிவிட்டது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடையின் மாடி. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் துணி போர்த்தியிருக்கிறது, தரையில் தடித்த கம்பளம், கதவைச் சுற்றி ஃப்ரிட்ஜ் கதவைப் போல ரப்பர். உள்ளே விடும்போது, "சாத்தினாத்தானுங்க ஒழுங்காக் கேக்கும், பரவால்லைங்களா?" என்று கேட்டார். பரவால்லைங்க என்றேன். அதை அவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார், அதனால் முழுதாக விளங்கியது. கதவில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. அது இருப்பதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். இப்போது யோசித்தால் அந்தக் கண்ணாடி வழியாக வெளியே இருப்பவர்களுக்கு நான் தெரிவேன், அவ்வளவுதான். கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. அதற்கென்றே கட்டிய அறை.

ஸ்பீக்கர் வாங்க வந்தேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை ஆபீசில் காது டெஸ்ட். நான் ஒரு கால் சென்டரில் ஆடிட்டர். போனில் பேசுகிறவள் இல்லை, பேசினதைக் கேட்கிறவள். ஒரு நாளைக்கு நாற்பது அழைப்புகளின் பதிவைக் கேட்டு, பேசின ஏஜென்ட் என்ன தப்புச் செய்தார் என்று இருபத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தில் குறிக்க வேண்டும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆளும் நான்தான். அந்த வேலைக்கு வேண்டியது இரண்டு காதுகள். அந்த இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று இந்த வருடத்திலிருந்து டெஸ்ட் எடுக்கப்போகிறார்கள். தேறாதவர்களை என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லவில்லை. "உங்கள் நலனுக்காக" என்று மட்டும் மெயிலில் போட்டிருந்தது. அந்த வரியை எத்தனை முறை படித்தேன். என் நலனுக்காக என்னை எங்கே அனுப்புவார்கள்? ஒன்று செய்தேன், அதையும் மறைக்கக் கூடாது. அந்த டெஸ்ட் எப்படி இருக்கும் என்று வீடியோக்களில் பார்த்தேன். காதில் ஹெட்போனை மாட்டிவிடுவார்கள், சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். டெஸ்ட் எடுப்பவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போது சத்தம் விடுகிறார் என்று தெரிந்துவிடும். தோள் லேசாக அசையும். மூன்று வீடியோவில் அந்தத் தோள் அசைவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியிருக்கிறேன். படிவத்தில் பதினேழாவது கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது. எதிராளி சொன்னது கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று சொன்னாரா, அல்லது கேட்டதுபோல் நடித்தாரா? நடித்தால் முழு அழைப்புக்கும் பூஜ்யம்.

சந்தேகம் எப்போது வந்தது என்று எனக்குத் தேதியோடு தெரியும். எட்வின் என்று ஒரு ஏஜென்ட், திருச்சிப் பையன், எப்போதும் அவசரமாகவே பேசுவான். அவனுடைய அழைப்பு ஒன்றில், கோபமாகப் பேசிய ஒரு அம்மாளிடம் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை என்று குறித்துவிட்டேன். அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அவன் மறுத்தான். டீம் லீடர் ஆடிட்டர்கள் ஐந்து பேரையும் எட்வினையும் கூட்டிவைத்துப் பதிவை ஓடவிட்டார். கடைசியில், அந்த அம்மாள் போனை வைப்பதற்கு முன்னால், எல்லாருடைய முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன மாற்றம். "இதோ சொல்றானே!" என்றார் டீம் லீடர். எட்வின் என்னைப் பார்த்தான். எனக்கு அந்த இடத்தில் வெறும் இரைச்சல். ஆமா கேக்குது, நான்தான் கவனிக்கலை, சாரி எட்வின், என்றேன். "பரவால்ல மேகலா, எங்க வீட்லயே நான் சாரி சொன்னா நம்ப மாட்டாங்க," என்று சொல்லிச் சிரித்தான். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், எல்லாம் முடிந்தது. எனக்கு மட்டும் முடியவில்லை. என் காதுக்குக் கேட்காத ஒரு மன்னிப்பைக் கேட்டதாகச் சொல்லி, அதற்காக நான் ஒரு மன்னிப்புக் கேட்டேன். அவனுடையது நிஜம், என்னுடையதுதான் நடிப்பு. ஹெட்போன் மட்டமானது என்று அன்று ராத்திரி முடிவு செய்தேன். மறுநாளே ஸ்பீக்கர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

"இப்ப ஒரு சலங்கை வருமுங்க, இடதுகைப் பக்கம், தூரத்துல. யாரோ பக்கத்து வீட்ல நடந்து போற மாதிரி," என்று ஷாநவாஸ் முன்னால் வந்து சொல்லிவிட்டு மறுபடி பின்னால் போகிறார். மிருதங்கம் ஆரம்பிக்கிறது. அடி ஒவ்வொன்றும் கம்பளத்தின் வழியாக உள்ளங்காலுக்கு வருகிறது, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று. இடது பக்கம். தூரத்தில். நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மிருதங்கம், ஒரு தம்பூரா, அப்புறம் என் காதுக்குள்ளேயே ஓடுகிற அந்த ஊய்ங் என்ற சத்தம். இந்த ஊய்ங் சத்தம் புதிதில்லை என்று நினைக்கிறேன். ஊரில் இருந்தவரை வெளிச்சத்தம் அதை மூடியிருந்திருக்கும். கணபதி ஏரியாவில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக வந்த முதல் நாள், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக அமைதி என்றால் என்ன என்று பார்க்கலாம் என்று படுத்தேன். அமைதி வரவில்லை, இதுதான் வந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸி என்று நினைத்தேன். அப்புறம் தெருவிளக்கு என்று. எழுந்து ஃபேன் ஸ்விட்சைக் கூட அணைத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு காதையும் விரலால் அடைத்தேன், சத்தம் கூடியது. சலங்கை போய்விட்டதா? வந்து போய்விட்டதா? ஷாநவாஸின் முகம் முன்னால் வருகிறது. "கேட்டுச்சுங்களா?" கேட்டுச்சுங்க. "இடதுபக்கந்தானுங்களே?" ஆமாங்க, தூரத்துல. அவர் சொன்ன வார்த்தைகளையே அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். "பாதிப் பேருக்கு அது புடிபடாதுங்க. போன வாரம் ஒருத்தர், சொந்தமா ஸ்டுடியோ வச்சிருக்கறவரு, ரெண்டு தடவை போட்டும் எங்க எங்கன்னு தேடறாரு. உங்களுக்கு நல்ல காதுங்க!" என்கிறார் ஷாநவாஸ். அந்த ஸ்டுடியோக்காரர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்க முடிந்திருக்கிறது அவரால்.

எங்கள் வீட்டில் யாரும் எங்கே, என்ன என்று கேட்பதில்லை. சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, சமையல்கட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் தறிக்குடோன், எட்டு விசைத்தறிகள். காலை ஆறு மணிக்கு ஓட ஆரம்பித்தால் கரண்ட் போனால்தான் நிற்கும். குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்துக்குள்தான் நான் தவழ்ந்தேன், எழுதப் படித்தேன், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கும் படித்தேன். குடோனுக்குள் யாரும் குரல் கொடுத்துப் பேசமாட்டார்கள், வாயை மட்டும் அசைப்பார்கள். நூல் தீர்ந்துவிட்டது, சோறு ஆறுகிறது, ஓனர் வருகிறார், எல்லாம் உதட்டில்தான். நாற்பதடி தூரத்திலிருந்து அப்பாவின் உதட்டை அம்மா படித்துவிடுவாள். தறியில் நூல் அறுந்தால் அம்மாவுக்குக் காலில் தெரியும், தரையின் அதிர்வு மாறும், திரும்பிப் பார்க்காமலே சரியான தறிக்கு நடப்பாள். குடோனுக்கு வெளியேதான் கஷ்டம். யாராவது பக்கவாட்டில் நின்று ஒன்று சொல்வார்கள், விளங்காது. ஒருமுறை கேட்கலாம், இரண்டுமுறை கேட்கலாம், மூன்றாவது முறை கேட்டால் செவிடு என்று தெரிந்துவிடும். அதனால் முதல்முறையே தலையாட்டிவிடுவது. அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துக் குடோன்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். என்னைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை எழுதிக்கொண்டே, குனிந்தபடி, காமர்ஸ் போட்டுடலாமா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். சயின்ஸ் வேண்டும் என்று நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி, அம்மாவும் சரி சரி என்று கூட்டிப்போனவள்தான். வெளியே வந்ததும் அழுதேன். "நீயும் பக்கத்துலதானடி நின்ன, நீ சொல்றது?" என்றாள். நியாயம்தான். நானும்தான் தலையாட்டினேன். எனக்கும் அவர் என்ன கேட்டார் என்று விளங்கவில்லை. இதுவரை அந்தப் பழியை அம்மா மேலேயே போட்டு வைத்திருக்கிறேன்.

"ஏனுங்க மேடம், தப்பா நினைக்கலைனா ஒண்ணு சொல்லட்டுங்களா?" ஷாநவாஸ் முன்னால் வந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். "வீட்ல சும்மா பாட்டுக் கேக்கறதுக்கா, இல்ல ரெக்கார்டிங் வேலை எதாச்சும் பண்றீங்களா?" வீட்டுக்குத்தாங்க. "அப்ப மானிட்டர் எதுக்குங்க? மானிட்டர்ங்கறது டாக்டர் மாதிரி. எங்க நோவுன்னு அமுக்கி அமுக்கிச் சொல்லும். வீட்ல டாக்டரையா வச்சுக்குவீங்க? அங்க பாருங்க, அந்த மரப்பெட்டி ஜோடி, அது கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கறவரு மாதிரிங்க. பாட்டு எப்படி இருந்தாலும் இனிக்க இனிக்கத்தான் சொல்லும். சாயங்காலம் வேலைய விட்டு வந்து காலை நீட்டி உக்காந்து கேக்கறதுக்கு அதுதானுங்க சுகம்." சுகம். அந்த வார்த்தையில் மாட்டிக்கொள்கிறேன். சுகத்துக்கென்று எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வந்ததில்லை. ஒரு நாற்காலி வாங்கினாலும் அதன்மேல் ஏறி நின்று பரணில் எதையாவது எடுக்க முடியுமா என்று பார்த்துத்தான் வாங்குவோம். இரண்டு மாதமாகப் படித்ததில் பாதிப் பேர் ஷாநவாஸ் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள், மானிட்டரில் கேட்டால் பிடித்த பாட்டின் ஓட்டை உடைசல்கள் எல்லாம் தெரிந்து மனசு விட்டுப்போகும் என்று. மீதிப் பாதிப் பேர், பதிவில் என்ன இருக்கிறதோ அது அப்படியே வரும், கூட்டாது, குறைக்காது, ஒருமுறை பழகிவிட்டால் அதுவே சுகம் என்றார்கள். எனக்கு இரண்டாவது கட்சி பிடித்தது. உண்மையைச் சொன்னால், இனிக்கப் பேசுகிற பெட்டி என் காதைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லாது. ஒளிக்காத ஸ்பீக்கர், அடைத்த அறை, நல்ல ஒயர், எல்லாம் சரியாக இருந்தும் எனக்குக் கேட்கவில்லை என்றால், குறை இருக்க மிச்சம் ஒரே ஒரு இடம்தான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். வந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்டை நானே எழுதி நானே மார்க் போட்டுக்கொள்கிறேன்.

"உங்க பாட்டு எதாச்சும் போன்ல இருந்தாப் போட்டுப் பாருங்க. நமக்குப் பழகின பாட்டுலதான் வித்தியாசம் தெரியும். கீழ ஒருத்தர் வந்திருக்காரு, அஞ்சே நிமிசம், வந்துடறனுங்க." ஒயரை என் போனில் செருகிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார். ரப்பர் உறிஞ்சிக்கொண்டதுபோல் கதவு ஒட்டிக்கொள்கிறது. ஏசி ஓடுகிறதா என்று தெரியவில்லை, காற்று மட்டும் வருகிறது. ஊய்ங். இந்த அறையில் மறைக்க எதுவும் இல்லாததால் அது என் தலையைவிடப் பெரிதாக இருக்கிறது. எழுந்துபோய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கிறேன். கீழ்ப்பக்கம் அழுத்துவதா, இழுப்பதா? அழுத்துகிறேன், அசையவில்லை. மறுபடி அழுத்துகிறேன். கண்ணாடிக்கு வெளியே படிக்கட்டு, ஒரு பெண் கையில் பில் புத்தகத்தோடு ஏறி வருகிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், வாயசைத்து ஏதோ சொல்கிறாள். தூக்குங்க, என்கிறாள். அவள் உதடு எனக்குப் படிக்க அவ்வளவு சுலபமாக இருக்கிறது. கைப்பிடியை மேலே தூக்குகிறேன், கதவு விட்டுக்கொடுக்கிறது. அவள் போய்விட்டாள். நான் மறுபடி சாத்திக்கொள்கிறேன். நானேதான் சாத்திக்கொள்கிறேன். வந்து உட்கார்ந்து போனைக் கையில் எடுக்கிறேன். அதில் பாட்டு இருக்கிறது, நூறு பாட்டு இருக்கும். நான் போடப்போவது அதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரியும்.

தறி ஓடும்போது அம்மா பாடுவாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், உதடு அசைந்துகொண்டே இருக்கும், யாரையும் பார்த்துப் பேசுகிற அசைவு இல்லை, முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். அதனால் என்ன பாட்டு என்று எங்கள் யாராலும் படிக்க முடிந்ததில்லை. கரண்ட் போனால் உடனே நிறுத்திவிடுவாள். போன தடவை ஊருக்குப் போனபோது, என்னம்மா பாட்டு அது என்று கேட்டேன். "பாட்டாம் பாட்டு. வாயத் தொறந்து பாடுனாப் பஞ்சு உள்ள போயிரும் புள்ள," என்றாள். பிறகு எதுக்கு வாய் அசையுது? "உங்கொப்பன வையறன், போ." நான் அவள் நிற்கிற ஜன்னல் கட்டையில், பழைய துணிக்கு அடியில் போனை வைத்துப் பதிவு செய்தேன். கேட்காமல் செய்தேன், அது தப்புத்தான். ஒரு நிமிடம் பத்து நொடி. அதற்குப் பிறகு எத்தனை ராத்திரி ஹெட்போனில் கேட்டிருப்பேன். தறி, தறி, தறி. வேறு எதுவும் இல்லை. பதிவில் இல்லையா, என் காதில் இல்லையா? விரல் திரையைத் தொடுகிறது. அறை முழுக்கத் தறி இறங்குகிறது. கறுப்பு ஜோடியா சாம்பல் ஜோடியா என்று பார்க்கவில்லை, எட்டுத் தறியும் என் முன்னால் ஓடுகின்றன, கம்பளம் அதிர்கிறது, கால் அதைத் தெரிந்துகொள்கிறது, பயம் கூடக் கொஞ்சம் குறைகிறது, ஊய்ங் போய்விட்டது. இத்தனை நாள் எனக்குக் கிடைக்காத சுகம் இதில் இருப்பது வெட்கமாக இருக்கிறது. நாடா இடது, நாடா வலது. அம்மா எங்கே? கண்ணை மூடுகிறேன். மூடினால் இன்னும் மோசம், எனக்குக் கேட்பதற்குக் கண் வேண்டும். கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்க்கிறேன், அதற்கு உதடு இல்லை. வலது காதைத் திருப்பி, இடதைத் திருப்பி, மேசைமேல் கன்னத்தை வைத்துக்கூடப் பார்க்கிறேன். வேலைக்கென்று தயாரானபோது நானும் அந்தக் குடோனில்தான் கத்திக் கத்திப் பழகினேன். கல்லூரி முடித்து ஒரு வருடம் வேலை இல்லை, கால் சென்டர் இன்டர்வியூவுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள், போனில் பேசுகிறவர் சொல்ல வேண்டிய வரிகள். வீட்டுக்குள் சொல்லிப் பார்த்தால் அப்பா சிரிப்பார் என்று, தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்லிப் பார்ப்பேன், அங்கேதான் யாருக்கும் கேட்காது. வேலை கிடைத்து, ஆறே மாதத்தில் பேசுகிற இடத்திலிருந்து கேட்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், நல்ல கவனமான பெண் என்று. ஒரு நிமிடம் பத்து நொடி முடிந்துவிட்டது. மறுபடி தொடுகிறேன். மறுபடி. தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ளத்தானே வந்தாய். எழுந்து போ. போக முடியவில்லை.

வெளிச்சம் மாறியதால்தான் திரும்பிப் பார்க்கிறேன். ஷாநவாஸ் எப்போது வந்தார் என்று தெரியாது, கதவருகே நிற்கிறார். "தறிங்களா!" என்கிறது அவர் வாய். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க மச்சான் வீடு பல்லடமுங்க. ரம்ஜானுக்குப் போனா ரெண்டு நாளைக்குக் காது அடைச்சுக்கும். இதையா வீட்ல உக்காந்து கேக்கப் போறீங்க?" நான் நிறுத்தப் போகிறேன், அவர் கையைக் காட்டித் தடுக்கிறார். சாம்பல் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, தலையைச் சாய்த்து நிற்கிறார். என் டீம் லீடரின் முகத்தில் அன்று வந்த அந்தச் சின்ன மாற்றம் இவர் முகத்திலும் வருகிறது. "யாரோ ஒரு அம்மா குரலுங்களே." எங்கம்மா, என்கிறேன். என்ன பாட்டுங்க அது, என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். "பாட்டா? பேசறாங்களே. உங்களுக்குத் தெரியலீங்களா?" தலை ஆடுகிறது. அது ஆமா என்பதா, இல்லை என்பதா, எனக்கே தெரியாது. சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, "இருங்க, சொல்றேன் பாருங்க, என்ற காதும் லேசுப்பட்ட காதில்ல," என்று முக்காலியை எனக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, மறுக்காப் போடுங்க என்று சைகை காட்டுகிறார். போடுகிறேன். தறி ஓடுகிறது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றாக, என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். நான் அவர் உதட்டைப் பார்க்கிறேன். "வணக்கமுங்க... அப்புறம், நான் மேகலா பேசறேன்..." அவர் நிறுத்துகிறார். "உங்க பேருதானுங்க அது? கீழ நோட்டுல மேகலான்னுதான எழுதியிருந்தோம்?" மேலே சொல்லுங்க என்று கையைக் காட்டுகிறேன். "உங்களுக்கு நான் எப்படி உதவட்டுங்க... அப்படிங்கறாங்க. அப்புறம் கொஞ்சம் சும்மா இருக்காங்க. எதுத்தாப்புல யாரோ பதில் சொல்ற மாதிரி. சின்னதாச் சிரிக்கறாங்க. அப்புறம்..." தறி ஓடுகிறது, அவர் புருவத்தைச் சுருக்குகிறார், "மன்னிச்சுக்கோங்க, சரியாக் கேக்கலைங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா... அப்படிங்கறாங்க. மறுபடி முதல்ல இருந்து வணக்கமுங்க. இதையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. நாடகம் எதாச்சும் நடிக்கறாங்களா உங்கம்மா?"

அந்த இன்டர்வியூத் தாளில் அது மூன்றாவது வரி. எனக்குச் சொல்ல வராமல் தடுக்கித் தடுக்கி நூறு தடவை சொல்லிப் பழகிய வரி. அம்மா அப்போது நாலாவது தறியில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள், சத்தம் எதுவும் கேட்காமல், என் உதட்டை மட்டும். இரண்டு வருடமாக அதை வைத்திருக்கிறாள். யாருக்கும் கேட்காத இடத்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என் பெயரைத் தன் பெயராகச் சொல்லிக்கொண்டு, கேட்கலைங்க இன்னொரு தடவை சொல்லுங்க என்று யாரிடமோ தைரியமாகச் சொல்லிப் பார்க்கிறாள். தலைமையாசிரியையிடமா? அப்பாவிடமா? சின்ன வயதில் பார்த்த அசைவு வேறு எதுவோ, அது பாட்டாகவே இருந்திருக்கலாம், இனி தெரியாது. பதிவு முடிகிறது. ஊய்ங் திரும்பி வந்து அதனுடைய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஷாநவாஸ் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் அலமாரிப் பக்கம் போய்விட்டார். ஒயரைப் பிடுங்குகிறாரோ என்னவோ, குனிந்திருக்கிறார் போலிருக்கிறது, என்னிடம் ஒன்று கேட்கிறார். குரல் வருகிறது, சொல் வரவில்லை. கறுப்பா சாம்பலா என்று கேட்டிருக்கலாம். மரப்பெட்டியே எடுத்துக்கறீங்களா என்று கேட்டிருக்கலாம். உங்களுக்குக் காது கேட்காதா என்றும் கேட்டிருக்கலாம். எதற்கும் பொருந்துகிற ஒரே பதில் என் கழுத்தில் தயாராக இருக்கிறது, தலை பாதி இறங்கியும்விட்டது. எட்வின் சொன்ன மன்னிப்பு, இடதுபக்கச் சலங்கை, திங்கட்கிழமை அசையப்போகிற தோள், எல்லாம் அந்தப் பாதியில் நிற்கின்றன. நான் நாற்காலியோடு திரும்புகிறேன். மன்னிச்சுக்கோங்க, என்கிறேன். தறி ஓடும்போது பேசுவதுபோலச் சத்தமாக வந்துவிடுகிறது, பஞ்சுச் சுவர் அதை உடனே வாங்கிக்கொள்கிறது. மன்னிச்சுக்கோங்க, எனக்குச் சரியாக் கேக்கலைங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா? அந்தச் சலங்கையும் கேக்கலைங்க. புல்லாங்குழல் ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. ஷாநவாஸ் நிமிர்கிறார். கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கமாக, வெளிச்சத்துக்கு வருகிறார்.